திரையில் விலை, தமிழில் பில்: வாசகர் கேள்வி – பதில்

கடை, கடன், களம் என்று மூன்று பக்கமிருந்தும் இம்முறை கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்து ஒரே கேள்வியாக ஆக்கியிருக்கிறோம்.

கேள்வி: வாடிக்கையாளர் பணம் அனுப்பிவிட்டதாகச் செல்போனில் பச்சை டிக் காட்டுகிறார். பணம் வந்ததை அறிவிக்கும் பேசும் பெட்டி என் கடையில் வாய் திறப்பதில்லை. கூட்ட நேரத்தில் யாரை நம்புவது? (மளிகைக் கடைக்காரர், விருத்தாசலம்)

இரண்டையும் நம்ப வேண்டாம். உங்கள் செயலியில் உள்ள வரவுப் பட்டியல்தான் கணக்கு. ஒவ்வொரு யு.பி.ஐ. பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் உண்டு. வாடிக்கையாளர் திரையில் இருக்கும் அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைக் கேட்டு, உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லையென்றால் பணம் வரவில்லை. பச்சை டிக், 'டிங்' ஓசை, கடைப் பெயர் எல்லாவற்றையும் அப்படியே போலியாகக் காட்டும் செயலிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

பெட்டி பேசாததற்கு மோசடியைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. அந்தப் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. மூலையில், இரும்பு ரேக்குக்குப் பின்னால் வைத்தால் சிக்னல் போய்விடும். சார்ஜ் இறங்கியிருக்கலாம். அடிக்கடி நடப்பது இன்னொன்று: வாடிக்கையாளர் கல்லாவில் ஒட்டிய க்யூ.ஆர். அட்டையை விட்டுவிட்டு உங்கள் செல்போன் எண்ணுக்கு அனுப்பியிருப்பார். பெட்டி, தனக்கு உரிய க்யூ.ஆர். வழியாக வரும் பணத்தை மட்டும்தான் அறிவிக்கும். அப்போது பணம் வந்திருக்கும், பெட்டி சும்மா இருக்கும்.

வாடிக்கையாளர் கணக்கில் கழிந்து, உங்களுக்கு வந்து சேராத பணம் தானாகத் திரும்ப வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, தனிநபருக்கு அனுப்பிய பணமென்றால் மறுநாளுக்குள். கடைக்குச் செலுத்தியதென்றால் 5 நாளுக்குள். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இதை வாடிக்கையாளரிடம் பொறுமையாகச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

காலையில் கடை திறந்ததும் வேறொரு போனால் உங்கள் க்யூ.ஆரை ஸ்கேன் செய்து பெயரைச் சரிபாருங்கள். இரவில் அட்டையின் மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2025 ஜூன் 30-க்குப் பிறகு, பெறுபவரின் வங்கிக் கணக்கில் உள்ள பெயரைத்தான் செயலி காட்ட வேண்டும். செல்லப்பெயர் வைத்து ஏமாற்றுவது இதனால் கடினமாகியிருக்கிறது. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் ('பின்') ஒருபோதும் தேவையில்லை. 'ரீஃபண்ட் வர பின் போடுங்க அண்ணே' என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் முதல் வேலை சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைப்பது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த வாய்ப்பிருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.

கேள்வி: பாக்கி நினைவூட்ட எஸ்.எம்.எஸ். அனுப்புகிறேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றியதும் பில் இரட்டிப்பாகிவிட்டது. அனுப்பும் நிறுவனம் ஏமாற்றுகிறதா? (பாத்திரக் கடை, கும்பகோணம்)

இல்லை. செல்போன் வலையமைப்பின் கணக்கே அப்படி. ஆங்கில எழுத்துகளில் ஒரு எஸ்.எம்.எஸ். என்பது 160 குறி. தமிழ், இந்தி, அரபி எதுவானாலும் யூனிகோட் முறையில் போக வேண்டும். அதில் ஒரு எஸ்.எம்.எஸ். 70 குறிதான். அதைத் தாண்டினால் துண்டுகளாக உடையும். துண்டுகளை ஒட்டுவதற்கான தகவலும் உள்ளே போவதால் ஒவ்வொரு துண்டிலும் 67 குறிதான் மிஞ்சும். ஆங்கிலத்தில் அது 153.

குறி என்றால் நாம் எண்ணும் எழுத்து அல்ல. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று ஐந்து. இதோ ஒரு செய்தி:

'வணக்கம். உங்கள் ரூ.1250 பாக்கி 10-ஆம் தேதிக்குள் செலுத்தவும்.'

எண்ணிப் பாருங்கள், இடைவெளியோடு 61 குறி. ஒரு எஸ்.எம்.எஸ்.தான். இதன் முடிவில் ' - முருகன் ஸ்டோர்ஸ்' என்று கடைப் பெயரைச் சேர்த்தால் 80 ஆகிறது, இரண்டு எஸ்.எம்.எஸ். காசு. 'வணக்கம்.' என்பதையும் 'செலுத்தவும்' என்பதற்குப் பின்னுள்ள முற்றுப்புள்ளியையும் எடுத்துவிட்டால் சரியாக 70. வணக்கத்துக்கே தனியாக ஒரு எஸ்.எம்.எஸ். காசு கொடுத்திருக்கிறீர்கள்! ஒரு செய்தி 20 காசு என்று வைத்துக்கொண்டால் இரண்டாயிரம் பேருக்கு 400 ரூபாய்க்கும் 800 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் இது.

ஆனால் 70-ஐத் தொட்டுக்கொண்டு நிற்காதீர்கள். பாக்கி 12,500 என்று ஓர் இலக்கமும் ஒரு காற்புள்ளியும் கூடினால் அந்த வாடிக்கையாளருக்கு மட்டும் இரண்டாக உடையும். அதிகபட்சத் தொகையைப் போட்டு எண்ணி, 65-க்குள் முடியுங்கள். 'ரூபாய்' வேண்டாம், 'ரூ.' போதும். இன்னொரு வம்பு: சில பழைய விசைப்பலகைகள் 'டோ' என்பதை ஒரே ஓகாரக் குறியாக இல்லாமல், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் போடும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், எண்ணிக்கை ஏறியிருக்கும்.

செய்தியின் மாதிரி வடிவத்தை (வார்ப்புரு), வணிக எஸ்.எம்.எஸ்.களுக்கான டி.எல்.டி. பதிவுத் தளத்தில் பதியும்போது யூனிகோட் வகை என்று குறிப்பிட வேண்டும். பெயர், தொகை போல மாறும் இடங்கள் ஒவ்வொன்றுக்கும் 30 குறிதான் அனுமதி. பதிந்ததற்கும் அனுப்புவதற்கும் ஒரு புள்ளி மாறினாலும் செய்தி போகாது. ஆகவே சுருக்கும் வேலையைப் பதியும் முன்பே முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப் வணிகக் கணக்கில் 2025 ஜூலை முதல் செய்திக்கு இவ்வளவு என்று கட்டணம், நீளத்தைப் பார்ப்பதில்லை. நீளமான தமிழ்ச் செய்தி வேண்டுமென்றால் அங்கே போகலாம்.

கேள்வி: தமிழில் பில் போட ஆசை. சின்ன ப்ளூடூத் பிரிண்டரில் அடித்தால் கேள்விக்குறியும் சில சமயம் சீன எழுத்தும் வருகிறது. (ஹார்டுவேர் கடை, பட்டுக்கோட்டை)

பிரிண்டர் பழுதில்லை. விலை குறைந்த தெர்மல் பிரிண்டரின் சிப்புக்குள் ஆங்கில எழுத்துருவும், தயாரித்த ஊர் காரணமாகச் சீன எழுத்துருவும் இருக்கும். தமிழ் இருக்காது. பில்லிங் செயலி தமிழை எழுத்தாக அனுப்பும்போது பிரிண்டர் தனக்குத் தெரிந்த எதையோ அடிக்கிறது.

தமிழை எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்ப வேண்டும். செயலி அமைப்பில் 'இமேஜ்' அல்லது 'கிராஃபிக்ஸ்' முறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதோடு முடிந்தது. கணினியில் விண்டோஸ் டிரைவர் வழியாக அடிக்கும்போது இந்தப் பிரச்சினை வராது, அது தானே படமாக்கிவிடும்.

படமாக்கினால் ஒரு விலை உண்டு. 58 மி.மீ. தாளில் அச்சாகும் அகலம் 48 மி.மீ., மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, ஆக வரிக்கு 384 புள்ளி. முப்பது வரி பில்லை எழுத்தாக அனுப்பினால் ஏறக்குறைய ஆயிரம் பைட். படமாக அனுப்பினால், வரிக்கு 30 புள்ளி உயரம் என்று வைத்தாலும், 43,000 பைட்டைத் தாண்டும். நினைவகம் குறைந்த பிரிண்டர் பாதியில் திணறி நிற்பதும், வெள்ளைக் கோடு விழுவதும் இதனால்தான். படத்தைச் சின்னப் பட்டைகளாகப் பிரித்து அனுப்பும் செயலியைத் தேர்ந்தெடுங்கள், அல்லது யு.எஸ்.பி. கம்பியில் இணையுங்கள். பொருளின் பெயர் மட்டும் படமாகவும், எண்ணிக்கையும் விலையும் எழுத்தாகவும் போகும் செயலி கிடைத்தால் இன்னும் நல்லது.

எழுத்து உயரம் 24 புள்ளிக்கு, அதாவது 3 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். குறைந்தால் 'கி'க்கும் 'கீ'க்கும் வித்தியாசம் தெரியாது. பொருள் பட்டியலை முன்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டி வைத்திருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

கேள்வி: வீட்டில் சாம்பார் பொடி அரைத்து 200 கிராம் பாக்கெட்டாகப் போடுகிறோம். லேபிள் முழுக்கத் தமிழ். பெரிய கடையில் 'ஆங்கிலம் இல்லை, எடுக்க மாட்டோம்' என்று திருப்பிவிட்டார்கள். தமிழ்நாட்டில் இது நியாயமா? (மகளிர் சுய உதவிக் குழு, துறையூர்)

நியாயமா என்பது வேறு. சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, கட்டாயத் தகவல்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். வேறு மொழி கூடுதலாக இருக்கலாம். அது மட்டுமே போதாது. உணவு லேபிள் விதிகளும் அப்படித்தான். கடைப் பெயர்ப் பலகைக்கோ தமிழ்நாட்டில் விதி நேர்மாறு: தமிழ் முதன்மையாக, 5:3:2 என்ற அளவில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று இருக்க வேண்டும். ஒரே கடையில் வாசலுக்கு ஒரு சட்டம், ரேக்கில் உள்ள பாக்கெட்டுக்கு ஒரு சட்டம். துறையூரில் விற்கும் பொடியை வாங்குபவருக்குப் புரியும் மொழி மட்டும் போதாது என்பது எங்களுக்கும் உவப்பில்லை. விதி மாறும் வரை பாக்கெட்டைத் திருத்தத்தான் வேண்டும்.

முன்பக்கம் தமிழே பெரிதாக இருக்கட்டும். பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் இவை வேண்டும்: பொருளின் பெயர், சேர்மானங்கள், அதிக எடை உள்ளதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக, நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, ஒரு கிராம் விலை, தயாரித்த மாதம், ஆண்டு, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பு, தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, புகார் தொடர்பு எண், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், சதுரத்துக்குள் பச்சை வட்டம்.

சின்னக் குழுக்கள் தவறவிடுவது மூன்று. ஒன்று, கிராம் குறியீடு. ஆங்கிலச் சிறிய எழுத்து 'ஜி' மட்டும்தான் சரி. பழக்க தோஷத்தில் 'ஜி.எம்.எஸ்.' என்று போட்டால் அளவைத் துறை வழக்குப் போட அதுவே போதும். இரண்டாவது, ஒரு கிராம் விலை. 200 கிராம் 90 ரூபாய் என்றால் கிராமுக்கு 45 காசு. இதைத் தனியாக அச்சடிக்க வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டுக்குக் கிராம் கணக்கு, மேற்பட்டதற்குக் கிலோ கணக்கு.

மூன்றாவது, ஒவ்வாமைக் குறிப்பு. 'பொடியில் என்ன இருக்கப் போகிறது' என்று விட்டுவிடுகிறார்கள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: பெரும்பாலானவற்றில் கோதுமை மாவு இருக்கும். அப்படியென்றால் உங்கள் சாம்பார் பொடியிலும் கோதுமை இருக்கிறது. லேபிளில் சொல்லியாக வேண்டும். இட்லிப் பொடியில் நிலக்கடலை சேர்த்தால் அதையும்.

பழைய லேபிள் ஆயிரக்கணக்கில் மீந்திருந்தால் உடனே குப்பையில் போட வேண்டாம். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் ஆங்கிலத் தகவலைத் தனி ஸ்டிக்கராக ஒட்டலாமா என்று மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் உள்ள முத்திரை ஆய்வாளரிடம் மாதிரியைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே அச்சடித்த விலையை மறைத்துக் கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டுவது மட்டும் கூடவே கூடாது.

கேள்வி: ஓவர்லாக் மெஷின் வாங்க 50,000 ரூபாய் கடன் கேட்டேன். 'ஒரு ரூபாய் வட்டிதான்க்கா, மாசம் 4,667 கட்டினா பன்னிரண்டு மாசத்துல முடிஞ்சிடும்' என்கிறார் கடன் நிறுவனத்து ஆள். ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம். கையெழுத்துப் போடலாமா? (தையல் தொழிலாளி, திருப்பூர்)

இப்போதைக்குப் போடாதீர்கள். முதலில் கணக்கு.

நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்பது ஊர் வழக்கில் அசலைக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்கும் கடனுக்குச் சொல்வது. அசல் 50,000 ரூபாயும் வருடம் முழுக்க உங்கள் கையில் இருந்தால் 6,000 ரூபாய் வட்டி சரி. மாதத் தவணையில் அப்படி இல்லை. ஒவ்வொரு மாதமும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். ஆறாவது மாதத்தில் பாதி அசல்தான் உங்களிடம் இருக்கும், வட்டி மட்டும் முழு 50,000-க்கும் ஓடும். குறையும் அசலுக்கு 12 சதவீதம் என்றால் தவணை 4,442 ரூபாய், மொத்த வட்டி சுமார் 3,310 ரூபாய். உங்களிடம் கேட்பது 6,000. குறையும் அசல் கணக்கில் அது ஏறக்குறைய 21.5 சதவீத வட்டி.

இதோடு நிற்காது. 2 சதவீதம் பரிசீலனைக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று 1,180 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 48,820-ஐக் கையில் கொடுத்தால் உண்மையான செலவு 26 சதவீதத்தைத் தொடும். மெஷினோடு காப்பீடு ஒன்றையும் சேர்த்துத் தள்ளினால் இன்னும் ஏறும்.

'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற, கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய தாளைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும், சிறுதொழில் தவணைக் கடனுக்கும் வங்கியும் நிதி நிறுவனமும் இதைத் தந்தாக வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதிதான். தமிழில் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. சலுகை கேட்பதுபோல் தயங்க வேண்டாம். அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு சதவீதம் இருக்கும். வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆண்டுச் செலவு அது. இரண்டு நிறுவனங்களை ஒப்பிட அந்த ஓர் எண் போதும். 7 நாளோ அதற்கு மேலோ ஓடும் கடனுக்கு அந்தத் தாள் குறைந்தது மூன்று வேலை நாள் செல்லுபடியாகும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாம். 'இன்னிக்கே போட்டாதான் இந்த ரேட்டு' என்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தாளில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் தெளிவான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது.

செயலி வழிக் கடனாக இருந்தால் இன்னும் இரண்டு. பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், இடைத்தரகர் கணக்கு வழியாக அல்ல. தொடர்பு எண்கள், புகைப்படங்கள், அழைப்புப் பட்டியல் ஆகியவற்றைச் செயலி கேட்கக் கூடாது. கேட்டால் அழித்துவிடுங்கள், தவணை தவறும் நாளில் உங்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போடத்தான் அது.

நகைக்கடன் வைத்து மெஷின் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வட்டி பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். 2026 ஏப்ரல் முதல் பொருந்தும் விதிகளில் 2.5 லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். படிக்கத் தெரியாதவருக்கு நிபந்தனைகளை, நிறுவன ஊழியர் அல்லாத ஒரு சாட்சி முன்னால் விளக்க வேண்டும். கடனை அடைத்தபின் நிறுவனத்தின் தவறால் நகையைத் திருப்பித் தரத் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

புகார் என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். விவரம் கேட்க 14448.

கேள்வி: செல்போனில் மஞ்சள் விலை ஒன்று காட்டுகிறது, ஈரோட்டில் வியாபாரி ஒன்று போடுகிறார். குவிண்டாலுக்கு எண்ணூறு, ஆயிரம் ரூபாய் இடிக்கிறது. அமுக்குகிறார்களா? (விவசாயி, கொடுமுடி)

சில நாள் அமுக்குவதும் உண்டு. ஆனால் இரண்டு விலையும் ஒரே பொருளின் விலை அல்ல. நீங்கள் செயலியில் பார்ப்பது பெரும்பாலும் என்.சி.டி.இ.எக்ஸ். என்ற விளைபொருள் சந்தையின் முன்பேர விலை. அது நிஜாமாபாத்தை அடிப்படையாகக் கொண்டது, வரப்போகும் ஒரு மாதத்துக்கானது, தரம் நிர்ணயித்த ஐந்து டன் லாட்டுக்கானது. உங்களிடம் இருப்பது இன்று, ஈரோட்டில், இருபது மூட்டை.

வாராவாரம் ஒரே கிழமையில் ஈரோடு விரலி (விரல் வடிவ மஞ்சள்) விலையையும், கிட்டத்து மாத முன்பேர விலையையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வித்தியாசத்தைக் குறியுங்கள். இரண்டு மாதத்தில் வழக்கமான இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துவிடும். திரையில் 14,000, ஈரோட்டில் 13,200 என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாகவே 700 முதல் 900 வரை இடைவெளி என்றால் இன்று ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று 1,500 ஆனால் அன்று சரக்கை இறக்காமல் காரணம் கேளுங்கள்: வரத்து அதிகமா, வெளிமாநில ஆர்டர் நின்றதா, உங்கள் மாதிரியில் குறையா.

பத்திரிகையில் போடும் 'அதிகபட்ச விலை' ஒரே ஒரு லாட்டுக்குக் கிடைத்ததாகவும் இருக்கலாம். மத்திய அரசின் சந்தை விலைத் தளமான அக்மார்க்நெட்டில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்பதோடு 'மோடல்' என்று மூன்றாவதாக ஒன்று இருக்கும். பெரும்பகுதிச் சரக்கு போன விலை அது. அதை வைத்துப் பேசுங்கள். விரலி விலையைக் கிழங்கு (உருண்டை மஞ்சள்) விலையோடு குழப்பிக்கொண்டு சண்டை போடுபவர்களும் இருக்கிறார்கள்.

ஈரப்பதத்தைக் கணக்கில் சேர்த்தீர்களா? 14 சதவீத ஈரத்தில் உள்ள 100 கிலோவை 10 சதவீதத்துக்குக் காயவைத்தால் 95.6 கிலோவாகும். ஈரத்தோடு 13,000-க்குக் கேட்கிறார்கள் என்றால், காயவைத்தபின் குவிண்டாலுக்கு 13,605-க்கு மேல் கிடைத்தால்தான் களத்துக் கூலியாவது மிஞ்சும். அந்த 600 ரூபாய் வித்தியாசம் கிடைக்காத வாரத்தில் ஈரத்தோடே விற்றுவிடுவது மேல். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஈரமானி இருக்கும். வியாபாரி விரலால் ஒடித்துப் பார்த்துச் சொல்வதை ஏற்பதற்கு முன் அளந்து தரச் சொல்லிக் கேளுங்கள்.

பெருந்துறையிலும் கோபியிலும் ஏலம் நடக்கும் நாளை விசாரித்து, ஒரே மாதிரியை இரண்டு இடத்தில் காட்டுவதில் தவறில்லை. வண்டி வாடகையைக் கழித்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: க்யூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டால் ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வராது என்கிறார்களே? (டீக்கடை, மதுரை)

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யு.பி.ஐ. வரவை வைத்துச் சிறுகடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து இந்தப் பேச்சு. பெங்களூரில் பல கடைகளில் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். சட்டம் ரொக்கத்தையும் சேர்த்துத்தான் விற்றுமுதல் என்கிறது. அட்டையைக் கழற்றுவதால் பதிவுக் கடமை போய்விடாது.

பதிவுக்கான விற்பனை எல்லை எது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பொருள் மட்டும் விற்கும் கடைக்கு ஆண்டுக்கு 40 லட்சம், அதாவது நாளொன்றுக்குச் சுமார் 10,960 ரூபாய் விற்பனை. டீக்கடையும் ஓட்டலும் சேவைக் கணக்கில் வருவதால் 20 லட்சம்தான், நாளுக்கு 5,480. கொஞ்சம் ஓடும் டீக்கடை எளிதாகத் தாண்டிவிடும். தாண்டினால் இணக்க வரித் திட்டத்தில் ('காம்போசிஷன்') உணவகத்துக்கு விற்பனையில் 5 சதவீதம் வரி. ஆண்டு விற்பனை 1.5 கோடி வரை அதில் இருக்கலாம்.

வரிவிலக்குப் பொருள் மட்டும் விற்பவர், உதாரணமாகக் காய்கறிக் கடைக்காரர், எவ்வளவு விற்றாலும் பதிய வேண்டியதில்லை. ஆனால் 38 லட்சம் காய்கறியோடு 3 லட்சத்துக்குக் குளிர்பானமும் விற்றால் கூட்டுத்தொகை 41 லட்சம், பதிவு கட்டாயம். வரி அந்த 3 லட்சத்துக்குத்தான்.

மகன் அனுப்பும் பணம், சீட்டுப் பணம், கைமாற்று எல்லாம் கடைக் கணக்கிலேயே வந்தால் விற்பனையிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. கடைக்குத் தனிக் கணக்கு வையுங்கள். வருமான வரியில் உத்தேச லாபத் திட்டத்தின்படி ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டலாம். 30 லட்சத்துக்கு 2.4 லட்சத்துக்குப் பதில் 1.8 லட்சம். அட்டையைக் கழற்றச் சொன்னவர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: காசோலையைத் தமிழில் எழுதலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி)

தாராளமாக. இந்தி, ஆங்கிலம் அல்லது அந்தப் பகுதியின் மொழியில் எழுதலாம் என்பது ரிசர்வ் வங்கியின் நிலை. கணக்குத் திறக்கும் படிவம், பணம் செலுத்தும் சீட்டு, பாஸ்புக் ஆகியவற்றையும் மும்மொழியில் வைத்திருக்க வேண்டும். கிளையில் இல்லையென்றால் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். காசோலையில் தேதியைத் தவிர வேறெதையும் அடித்துத் திருத்தக் கூடாது, கையெழுத்துப் போட்டு உறுதிசெய்தாலும் செல்லாது. தொகையை இலக்கத்தில் எழுதும்போது வழக்கமான 1, 2, 3 எண்களையே போடுங்கள். 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் அன்றன்றே தீர்க்கப்படுகின்றன. கொடுக்கும் நாளிலேயே கணக்கில் பணம் இருக்கட்டும்.